கான்கிரீட் கொட்டும் முன் போய் நில்லுங்கள்

போன மாதம் ஒரு இளம் பொறியாளர் போன் பண்ணினார். வடக்கே ஒரு மலை மாவட்டத்தில் நிலநடுக்க அபாயத்தைக் குறைக்கிற அரசுத் திட்டத்துக்கு அவரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். "சார், நீங்க கட்ச்ல இருந்தவரு, எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க" என்றார். அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல விட்டுப்போனதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது, இரண்டு நாள் சரியான தூக்கமே இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். அவருக்கும், இனி அந்த நாற்காலியில் உட்காரப்போகிற மற்றவர்களுக்கும்.

நான் சிவில் இன்ஜினியர். வீடு சென்னையில், வேலை பார்த்ததெல்லாம் வடக்கே. 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் நிலம் ஆடியபோது வேறொரு மாநிலத்தில் குடியரசு தினக் கொடியேற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். 7.7 அளவு. அரசுக் கணக்குப்படி 13,805 பேர் இறந்தார்கள். அஞ்சார் நகரில் கொடியோடு ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் இரண்டு பக்கத்து வீடுகளும் சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே தெருவில் இறந்துபோனார்கள். சில மாதம் கழித்து டெபுடேஷனில் கட்ச் போனபோது அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். கல்லையெல்லாம் அள்ளி முடித்திருந்தார்கள். மிச்சமிருந்த சுவர்களின் உயரம் தெருவின் அகலத்தைவிட அதிகம். எந்தப் பக்கம் ஓடினாலும் சுவர் விழுகிற இடத்துக்குள்தான் ஓடியிருக்க முடியும். நிலநடுக்கம் ஆளைக் கொல்வதில்லை, கட்டடம்தான் கொல்கிறது என்று கல்லூரியில் படித்ததுதான், ஆனால் அது மனதில் இறங்கியது அந்தத் தெருவில் நின்றபோதுதான்.

எனக்குக் கொடுத்த வேலை, ஒரு தாலுகாவில் வீடுகள் திரும்பக் கட்டப்படும்போது அடுத்த நடுக்கத்தைத் தாங்குகிற மாதிரி கட்டப்படுவதைப் பார்த்துக்கொள்வது. என் கீழே இளம் பொறியாளர்கள் ஒரு முப்பது பேர், ஜீப்புகள் நாலு, ஒரு கூடாரம், ஒரு போட்டோகாப்பி மெஷின்.

குஜராத் எடுத்த ஒரு முடிவை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. 1993 செப்டம்பர் 30 விடிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நடுக்கம் வந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், வீடுகளைப் பெரும்பாலும் வேறு யாரோ கட்டிக்கொடுத்தார்கள். (அந்தப் பகுதி அன்றைய நிலநடுக்க அபாய வரைபடத்தில் மண்டலம் 1, அதாவது ஆபத்து ஆகக் குறைந்த இடம். வரைபடத்தைப் பார்த்து யாரும் நிம்மதியாக இருக்கவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.) கட்ச்சிலும் முதலில் இடம் மாற்றுகிற பேச்சு எழுந்தது. ஊர்களில் கேட்டபோது பெரும்பாலானவை முடியாது என்றன. கிணறு இங்கே, வயல் இங்கே, மாடு கட்டுகிற இடம் இங்கே. சரி, அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளட்டும், பணத்தை அரசு தவணை தவணையாக வங்கிக் கணக்கில் போடும், ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தருவார் என்று முடிவாயிற்று. இது நல்ல முடிவு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தன் வீட்டைத் தானே கட்டுகிறவன் செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்குவான், மூட்டைக்கு மூட்டை சிமெண்டை எண்ணுவான். எங்கள் முப்பது பேரால் அந்தக் காவலைச் செய்திருக்கவே முடியாது.

முதல் நாலு மாதம் நான் செய்த தவறு, வீடு கட்டும் முறையைக் காட்டுகிற வரைபடத்தை நம்பியது. நல்ல வரைபடங்கள், குஜராத்தியில் விளக்கத்தோடு. ஊர் ஊராகக் கொடுத்தோம், பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினோம். பிறகு போய்ப் பார்த்தால் வீடுகள் பழைய மாதிரியே எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு கடியாவிடம் (கொத்தனாரை அங்கே கடியா என்பார்கள்) வரைபடத்தைக் காட்டி, இதில் மூலையில் கம்பி போட்டிருக்கிறதே, உங்கள் சுவரில் எங்கே என்று கேட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. முப்பது வருடம் கல் அடுக்கிய கை அது. அவர் படித்தது கல்லை, காகிதத்தை அல்ல. நான் அவர் பாஷையில் பேசவே இல்லை.

அன்றைக்கே வரைபடம் அச்சடிப்பதை நிறுத்திவிட்டு தாலுகா அலுவலக வளாகத்தில் ஒரு வீட்டின் மூலையை மட்டும் நிஜ அளவில் கட்டினோம். அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை, பாதிப் பாதியாகத் திறந்து விட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிற மாதிரி. மூலையில் நிற்கிற கம்பி, அடிமட்டத்தில் சுற்றி ஓடுகிற கான்கிரீட் பட்டை, கதவு ஜன்னல் தலைக்கு மேல் இன்னொரு பட்டை, கூரை மட்டத்தில் இன்னொன்று. கல் சுவரில் இரண்டு அடுக்கையும் கோத்துப் பிடிக்கிற குறுக்குக் கல், செங்குத்தாக அறுபது சென்டிமீட்டருக்கு ஒன்று, கிடையாக 1.2 மீட்டருக்குள் ஒன்று. அந்தக் குறுக்குக் கல் இல்லாததால்தான் கட்ச்சின் கல்வீடுகள் அப்படி விழுந்தன. வெளியடுக்கு வெளியே போயிற்று, உள்ளடுக்கு உள்ளே போயிற்று, நடுவே திணித்திருந்த மண்ணும் சிறு கல்லும் படுத்திருந்தவர்கள் மேல் கொட்டியது.

பட்டை எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் சொன்னது மாட்டுவண்டிச் சக்கரத்தை. மரத்துண்டுகளை என்னதான் இறுக்கமாகச் சேர்த்தாலும் மேலே இரும்புப் பட்டா போடாமல் எந்தத் தச்சனும் சக்கரத்தை அனுப்ப மாட்டான். நாலு சுவரும் தனித்தனியாக ஆடினால் மூலை பிளக்கும், பட்டா போட்டால் நாலும் ஒன்றாக ஆடும். அவ்வளவுதான். இதைச் சொன்னதும் கடியாக்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள், எங்களை விட்டுவிட்டு. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு காரியம் செய்தோம், செலவு அதிகம், ஆனால் அதுபோல வேறெதுவும் வேலை செய்யவில்லை. பாதி அளவில் இரண்டு அறைகளை உருளை வைத்த மேடையில் பக்கத்தில் பக்கத்தில் கட்டினோம். ஒன்று பழைய முறை, ஒன்று பட்டை, மூலைக்கம்பியோடு. இரண்டுக்கும் அதே கல், அதே சிமெண்ட், அதே கடியா. ஆறவைத்து, ஊர் ஊராகச் சொல்லி அனுப்பி, கூட்டம் கூடிய பிறகு மேடையை வேகமாக இடித்து உலுக்கினோம். மூன்றாவது இடியில் பழைய அறை மூலையில் வாய் பிளந்தது. ஐந்தாவதில் சுவர் கீழே. பக்கத்து அறையில் விரிசல் ஓடியிருந்தது, விழவில்லை. கைதட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் தட்டவில்லை. பின்வரிசையில் சில பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது மாதிரியை அல்ல, ஜனவரி 26-ஐ. அன்றைக்குக் கூட்டம் கலைய விடாமல் நான் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தேன், அது பெரிய பிழை. அடுத்த ஊரில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தோம், பார்க்க விரும்பாதவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றோம், உலுக்கிய பிறகு பேசாமல் சும்மா நின்றோம். வயசான ஒரு கடியா தானாக மேடைக்கு வந்து நிற்கிற அறையின் மூலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாகேப், இதுக்கு எத்தனை கிலோ கம்பி ஆச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வருகிற வரை பயிற்சி ஆரம்பிக்கவில்லை என்றே நான் சொல்வேன்.

இனி தவணை. இந்தத் திட்டத்தின் உயிர் அதில்தான் இருந்தது, நான் ஆகப் பெரிய தவறு செய்ததும் அதில்தான்.

வீடு ஒரு கட்டத்துக்கு வந்ததும் உரிமையாளர் விண்ணப்பிப்பார், எங்கள் ஆள் போய்ப் பார்ப்பார், சரியாக இருந்தால் அடுத்த தவணை. காகிதத்தில் அழகாக இருந்தது. ஒரு கிராமத்தில் கணவரையும் ஒரு மகனையும் இழந்த ஒரு பெண்மணி. கதவு உயரம் வரை சுவர் எழுப்பிவிட்டு விண்ணப்பித்திருந்தார். எங்கள் பையன் போய்ப் பார்த்தான். மூலையில் கம்பி இல்லை, அடிமட்டப் பட்டை இல்லை. விதிப்படி நிராகரித்து எழுதினான், நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் தாலுகா அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. "பாய், கையில் இருந்ததெல்லாம் அந்தச் சுவரில் இருக்கு. இடிக்கச் சொன்னா இடிக்கிறேன். திரும்பக் கட்ட எதை வச்சுக் கட்டுவேன்?" என்று மட்டும் கேட்டார். ஜூன் மாதம், மேகம் கூடிக்கொண்டிருந்தது, அவர் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் படுத்திருந்தார்.

எனக்குப் பதில் இல்லை. விதி சரி, என் கையெழுத்தும் சரி, ஆனால் அந்தச் சுவர் எழும்பிய ஆறு வாரத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. மூலைக்கம்பி நிற்கவேண்டியது அஸ்திவாரம் போடுகிற அன்றைக்கு. அன்று யாராவது போயிருந்தால் கூடுதல் செலவு சில கிலோ கம்பி. சுவர் எழும்பிய பிறகு போய் நிராகரிப்பது சோதனை அல்ல, தண்டனை.

அந்த வீட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். கட்டி முடித்த சுவரைப் பலப்படுத்துவதற்கென்றே இந்திய தரக் குறியீடு ஒன்று இருக்கிறது, ஐஎஸ் 13935. அதில் உள்ளபடி கதவு உயரத்தில் சுவரின் இரண்டு பக்கமும் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) பட்டையை ஆணியடித்து, சுவரைத் துளைத்துக் கம்பியால் இரண்டையும் கோத்து, மேலே சிமெண்ட் பூசினோம். மூலைகளுக்கும் அதே மாதிரி நெட்டுக்குத்தாக. தவணையும் கொடுத்தோம். அப்புறம் தாலுகா முழுவதும் முறையை மாற்றினேன். விண்ணப்பம் வந்தபிறகு போவதில்லை. ஒவ்வொரு பொறியாளருக்கும் சில ஊர்கள், அங்கே எந்த வீட்டில் எந்த நாள் அஸ்திவாரம், எந்த நாள் பட்டைக் கான்கிரீட், எந்த நாள் கூரை என்று கடியாவிடமே கேட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டும் முன் அங்கே நிற்கவேண்டும். பார்த்தது தவறாக இருந்தால் அங்கேயே அந்த நேரமே திருத்தவேண்டும், குறை எழுதிக்கொண்டு திரும்பி வரக்கூடாது. என் மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை, பயணப்படி கணக்கு ஏறுகிறது என்றார். ஏறியது உண்மைதான். ஆனால் நிராகரிப்பு குறைந்தது.

இந்த ஒன்றைத்தான் அந்த இளம் பொறியாளருக்கு முதலில் சொல்லியிருக்கவேண்டும். உங்கள் திட்டத்தில் ஆய்வு எந்த நாளில் நடக்கிறது என்று பாருங்கள். தவறு மூடப்பட்ட பிறகா, முன்னாலா? பின்னால் என்றால் மற்ற எதைச் சரிசெய்தும் பயன் குறைவு.

சான்று கையில் இருக்கிற இடத்தில் பணம் கேட்கிற ஆளும் வருவான். என் குழுவிலேயே வந்தான். ஒரு சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) தனியாக அழைத்துச் சொன்னபோது எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனை அனுப்பினோம். ஆனால் ஆளை அனுப்பினால் போதாது. கிராம சபையில் யார் வீட்டுக்கு எந்தத் தவணை, எது நிற்கிறது, என்ன காரணம் என்று மாதம் ஒருமுறை உரக்க வாசிக்க ஏற்பாடு செய்தோம். தலாட்டி, அதாவது கிராமக் கணக்கர், வாசிப்பார், எங்கள் ஆள் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும். 'உன் வீட்டில் கம்பி இல்லை' என்று நூறு பேர் முன்னால் சொல்லவேண்டியிருந்தால், இருக்கிற கம்பியை இல்லை என்று சொல்ல முடியாது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கட்ச்சில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்தத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், சில வருடத்தில் பட்டை வெடிக்கும். நல்ல தண்ணீர் குடிக்கவே இல்லாத இடத்தில் சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடு என்று சொல்கிற நாக்கு கூசியது. கடைசியில் டேங்கர் நாளையும் கான்கிரீட் நாளையும் ஒன்றாக்கினோம், ஈரச் சாக்கு போட்டு மூடச் சொன்னோம். குறியீட்டில் எழுதியிருப்பதை அந்த ஊரின் தண்ணீரோடு பொருத்திப் பார்ப்பதும் உங்கள் வேலைதான், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் நாம்தான் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்று நினைக்காதீர்கள். பன்னிப் புல்வெளிப் பக்கம் 'புங்கா' என்று வட்டமான மண்வீடுகள் உண்டு, மேலே கூம்பாக லேசான புல்கூரை. பக்கத்து ஊர்க் கல்வீடுகள் தரைமட்டமானபோது அவற்றில் பெரும்பாலானவை நின்றன. 1819-ல் கட்ச்சை ஒரு பெரிய நடுக்கம் புரட்டிப் போட்டது, அந்த மக்களுக்கு இது புதிதல்ல. வட்டத்துக்கு மூலை இல்லை, பிளக்க ஒன்றுமில்லை. பயிற்சி வகுப்பை நான் அங்கிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

2001 செப்டம்பர் 25 இரவு அம்மா சென்னையிலிருந்து அலுவலகத்துக்குப் போன் பண்ணினார். குரல் நடுங்கியது. "டேய், இங்கயும் ஆடிடுச்சுடா. பாத்திரமெல்லாம் கடகடன்னுது, எல்லாரும் தெருவுல நிக்கிறோம்." புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5. பெரிய சேதம் இல்லை. "வீட்டுக்குள்ள போகலாமாடா?" என்று கேட்டார். ஒரு தாலுகாவுக்கே சான்று கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, நாங்கள் குடியிருந்த அந்த நாலு மாடிக் குடியிருப்பின் தூணில் எத்தனை கம்பி இருக்கிறது என்று தெரியாது. கீழே முழுக்க வண்டி நிறுத்துகிற இடம், வெறும் தூண்கள் மட்டும். போங்கள் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது. அன்று இரவு அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்த மாதிரிக் கட்டடங்கள் என்ன ஆகும் என்று அகமதாபாத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அகமதாபாத் நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கேயே 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் அடுக்குமாடிகளில். மேல் மாடிகளில் செங்கல் சுவர் அடைத்திருப்பதால் அவை பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கும், தரைத்தளத்தில் வண்டிக்காகச் சுவரை எடுத்துவிடுவதால் ஆட்டம் முழுவதையும் அந்த வெறும் தூண்கள் வாங்கவேண்டும். தூண் நுனியில் உடைகிறது, மேலே உள்ளது மொத்தமாக உட்கார்ந்துவிடுகிறது. 2002-ல் நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 குறியீட்டைத் திருத்தியபோது இப்படித் திறந்த தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னார்கள். அதே திருத்தத்தில்தான் சென்னை மண்டலம் 2-லிருந்து 3-க்குப் போனது.

சில வருடம் கழித்து குஜராத்திலேயே ஒரு நகரத்தில் என்னைப் போட்டார்கள். இந்தமுறை வேலை தலைகீழ். ஒன்றும் விழவில்லை, விழுவதற்கு முன் பலப்படுத்தவேண்டும். பள்ளிகள், அரசுக் கட்டடங்கள், முடிந்தால் தனியார் அடுக்குமாடிகளும். கட்ச்சைவிட இது எளிது என்று நினைத்தேன், பிணம் இல்லை, மழை துரத்தவில்லை. உண்மையில் பத்து மடங்கு கஷ்டம்.

வெளியிலிருந்தே கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடுகிற முறை ஒன்று உண்டு. எத்தனை மாடி, எந்த வருடம் கட்டியது, கீழ்த்தளம் திறந்திருக்கிறதா, வடிவம் கோணலா, விரிசல் உண்டா. அரைமணி நேரத்தில் ஒரு கட்டடம் முடிந்துவிடும். எல்லாப் பள்ளியையும் பார்த்து, மோசமானதை மேலே வைத்து ஒரு பட்டியல் போட்டேன். பட்டியல் ஒரு மேசைக்குப் போனது. எட்டு மாதம் அங்கேயே இருந்தது. யாரும் மறுக்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. கடைசியில் ஒரு நல்ல மனிதர், ஓய்வுபெறப் போகிறவர், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுல நான் கையெழுத்துப் போட்டா, இந்தப் பள்ளிக்கூடம் ஆபத்துன்னு எனக்குத் தெரியும்னு ஆயிடும். நாளைக்கு ஒண்ணு விழுந்தா தெரிஞ்சும் சும்மா இருந்தவன் நான்தான். கையெழுத்துப் போடாட்டி எனக்குத் தெரியாது." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நாற்காலியில் நானும் அப்படித்தான் பயந்திருப்பேன். பணம் இல்லாமல் பட்டியலை மட்டும் நீட்டுவது ஒருவர் கழுத்தில் கல்லைக் கட்டுவது.

அதனால் பட்டியலைத் திரும்ப வாங்கி, மேலே இருந்த பன்னிரண்டு பள்ளிகளுக்கு மட்டும் மதிப்பீடு போட்டு, பராமரிப்பு நிதியிலிருந்து ஏற்கெனவே இருந்த பணத்தைக் காட்டி, 'முதல் கட்டப் பலப்படுத்தும் பணி' என்று ஒரே கோப்பாகக் கொடுத்தேன். இப்போது அந்தக் கையெழுத்து குற்ற ஒப்புதல் அல்ல, வேலைக்கான ஆணை. பத்து நாளில் வந்துவிட்டது. மீதிப் பள்ளிகள் இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். அபாயத்தையும் பரிகாரத்தையும் ஒரே தாளில் வையுங்கள், ஒன்று மட்டும் தனியாகப் போகவேண்டாம்.

தலைமையாசிரியர்கள் அடுத்த சுவர். பூகம்பத்தைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்வார்கள், தேநீர் தருவார்கள், சாவியைத் தர மாட்டார்கள். வகுப்பறையை எப்படிக் காலி செய்வது, தேர்வு இருக்கிறது. ஒரு பள்ளியில் பேச்சை விட்டுவிட்டு மேலே பார்த்தேன், கூரையில் ஈரம். "ஒழுகுமா?" என்று கேட்டேன். தலைமையாசிரியை அம்மாளுக்கு முகமே மாறிவிட்டது. மழைக்காலத்தில் வாளி வைத்துப் பாடம் நடத்துகிற கதையைப் பத்து நிமிடம் சொன்னார். கூரை வேலை எப்படியும் செய்யத்தான் வேண்டும், சுவரோடு கூரையைப் பிணைக்க அதைத் திறக்கவேண்டும். ஒழுகலையும் நிறுத்துகிறோம், கழிப்பறைக்கும் கதவு போடுகிறோம், கோடை விடுமுறைக்குள் முடித்துத் தருகிறோம் என்றேன். சாவி அன்றே கிடைத்தது. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பேன்.

கட்டட வேலைக்கு நடுவே பெரிய செலவே இல்லாத ஒன்றையும் செய்தோம். பீரோ, அலமாரி, ஆய்வக பாட்டில் தட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, இவற்றையெல்லாம் சுவரோடு, தளத்தோடு பிடித்துக் கட்டுவது. நாலு எல் கிளாம்பும் ஒரு டிரில்லும் போதும். சுவர் நின்றாலும் பீரோ விழுந்தால் பிள்ளை போய்விடும். வெளியே ஓடுகிற கதவு உள்பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். மாற்றிப் போடுங்கள்.

தனியார் அடுக்குமாடிகளில் நான் தோற்றேன். மறைக்க ஒன்றுமில்லை. தரைத்தளத்தில் சில இடங்களில் சுவர் எழுப்பி, தூண்களுக்கு ஜாக்கெட்டிங் (சுற்றிலும் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுத் தடிமனாக்குவது) செய்தால் போதும் என்று காட்டினாலும், யார் வண்டி வெளியே நிற்பது, மூன்றாவது மாடிக்காரர் எவ்வளவு தருவது, வாடகைக்கு விட்டிருப்பவர் ஏன் தருவது என்பதிலேயே கூட்டங்கள் முடிந்தன. என்னிடம் கட்டாயப்படுத்தச் சட்டமும் இல்லை, உதவக் கடனும் இல்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2013-ல் இப்படிப்பட்ட மரச்சட்டக் குடியிருப்புகளுக்குச் சட்டமே போட்டது. கெடு வைத்தது, செய்யாத கட்டடத்தின் வாசலில் எல்லோரும் பார்க்க எச்சரிக்கைப் பலகை ஒட்டியது, செலவை வாடகையில் பல வருடம் பிரித்து வாங்கவும் வழி வைத்தது. அப்படி மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் தனியார் கட்டடத்தில் கை வையுங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் இரண்டு வருடத்தைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுங்கள், அங்கே உரிமையாளர் ஒருவர்தான். 2001-ல் புஜ் நகரின் அரசு மருத்துவமனை உள்ளே இருந்த நோயாளிகளோடு இடிந்தது. காயம்பட்டவர்கள் வரவேண்டிய இடமே இல்லாமல் போனது. அதே ஊரில் திரும்பக் கட்டிய மருத்துவமனை இப்போது ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, கீழே நிலம் ஆடினாலும் மேலே மெதுவாகத்தான் அசையும். அந்தத் தாங்கிகளைக் குனிந்து பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஓய்வுபெற்று சென்னைக்கு வந்து சில வருடம் ஆகிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய வீட்டை இடித்து ஸ்டில்ட் போட்டு, அதாவது கீழே வண்டிக்காக வெறும் தூண்களை நிறுத்தி, நாலு மாடி எழுப்புகிறார்கள். போன வாரம் நடந்து போகும்போது தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையத்தின், அதாவது ரிங்கின், முனையை வெறுமனே செங்கோணமாக மடக்கி விட்டிருந்தார்கள். முனையை உள்பக்கமாக, தூணின் நடுவைப் பார்த்து, 135 டிகிரி மடக்கினால்தான் ஆட்டத்தில் ரிங் திறந்துகொள்ளாது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஒரு துண்டுக் கம்பியை எடுத்து மடக்கிக் காட்டினேன். "சார், இங்க என்ன பூகம்பமா வரப்போவுது?" என்றார், நல்ல மாதிரியாகத்தான். அம்மா தெருவில் நின்ற இரவைச் சொன்னேன். அவருக்கு அப்போது பதினைந்து வயதாம், அவருக்கும் நினைவிருந்தது.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். முன்வரிசைத் தூண்கள் மூன்றிலும் ரிங்கை மடக்கியிருந்தார்கள். பின்வரிசையில் இன்னும் பழையபடிதான். வெள்ளிக்கிழமை கான்கிரீட் என்று சொன்னார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி போகிறேன்.